பத்து யூரோ அட்டையா, பாஸ் குல்த்யூரா?

அக்கா மகளுக்கு 18 வயது. இந்தியப் பெருங்கடலில் உள்ள பிரெஞ்சுத் தீவான ரீயூனியனில், சேன்-அந்த்ரே ஊர் வீட்டில் கேக் வெட்டிய கையோடு என்னைப் பிடித்துக்கொண்டாள்: "மாமா, ஐரோப்பிய இளைஞர் அட்டை வாங்கட்டுமா, பாஸ் குல்த்யூர் போதுமா?"

பாஸ் குல்த்யூர் என்பது கலை, பண்பாட்டுச் செலவுக்காக இளைஞருக்கு பிரெஞ்சு அரசு தரும் தொகை, ரீயூனியனுக்கும் உண்டு. 2021இல் நாடு முழுக்க வந்தபோது 300 யூரோ. 2025 மார்ச் முதல் 18 வயதுக்கு 150 யூரோதான். பணமாகக் கையில் வராது. செயலியில் பதிந்து புத்தகம், சினிமா, கச்சேரி, இசைக்கருவி என்று செலவழிக்க வேண்டும். ஆரம்பத்தில் பிள்ளைகள் மாங்கா என்னும் ஜப்பானியப் படக்கதைகளாக வாங்கிக் குவித்ததால் 'மாங்கா பாஸ்' என்றே கிண்டல் செய்தார்கள். படித்தார்களே, அது போதும் என்பேன்.

இளைஞர் அட்டை வேறு மாதிரி. ஆண்டுக்கு 10 யூரோ நாம் கட்ட வேண்டும். 31 வயதுக்குள் இருக்க வேண்டும். மாணவராக இருக்க வேண்டியதில்லை, வேலைக்குப் போகிறவரும் வாங்கலாம். ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் அருங்காட்சியகம், தங்கும் விடுதி, பயணம் ஆகியவற்றில் தள்ளுபடி. ஆனால் அந்த ஐரோப்பா இங்கிருந்து விமானத்தில் 11 மணி நேரம்! தீவை விட்டு நகராதவளுக்கு அதனால் பெரிய லாபமில்லை.

சரி, படிக்க பிரான்சின் மோன்பெலியே நகருக்குப் போகும்போது அட்டை வாங்கு, இப்போதைக்கு பாஸ் எடு என்றேன். நேரில் கேட்க வேண்டுமானால் தீவின் தலைநகர் சேன்-தெனியில் இளைஞர் தகவல் மையம் இருக்கிறது, காசு கிடையாது. அவள் எங்கே கேட்டாள்? பாஸுக்குப் பதிய அடையாள அட்டையைப் படமெடுக்க ஆரம்பித்துவிட்டாள், ஓரத்தில் தன் கட்டைவிரலும் சேர்ந்து விழ.