மேசையைக் காக்க வாங்கிய விரிப்பே மேசையைக் கெடுத்தது

புதிய உணவு மேசையில் கீறல் விழுந்துவிடக் கூடாதே என்ற கவலையில், மேசை வாங்கிய கடையிலேயே, விற்பனையாளரின் பேச்சை நம்பித் தடித்த, கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் விரிப்பு ஒன்றையும் சேர்த்து வாங்கினேன். ஏழு மாதம் கழித்து அதைத் தூக்கியபோது, மேசையின் பாலிஷும் கூடவே உரிந்து வந்தது. இதே போன்ற விரிப்பு இன்னும் எத்தனையோ வீடுகளில் கிடக்கும் என்பதால் நடந்ததை எழுதுகிறேன்.

"இதைப் போட்டுவிட்டால் மேசையைப் பற்றி நீங்கள் நினைக்கவே வேண்டாம், சூடான பாத்திரத்தைக்கூட நேராக வைக்கலாம்" என்றார் விற்பனையாளர். எதனால் செய்தது என்று கேட்டதற்கு, "நல்ல தரமான பிளாஸ்டிக் சார்" என்பதோடு நிறுத்திக்கொண்டார். மேசைக்கு என்ன பாலிஷ் அடித்திருக்கிறது என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

சில வாரங்களிலேயே விரிப்புக்கு அடியில் நனைந்தது போன்ற திட்டுகள் தெரிந்தன. கடைக்குத் தொலைபேசியில் சொன்னபோது, காற்று வெளியேறி ஒட்டியிருக்கிறது, ஒன்றும் ஆகாது என்றார்கள். பிறகு ஒருநாள் ஓரத்தை நகத்தால் நெம்பித் தூக்கினேன். பழைய ஸ்டிக்கரை உரிக்கும்போது வருமே, அந்தச் சத்தம் வந்தது. உள்ளங்கை அகலத்துக்குப் பாலிஷ் விரிப்போடு போய்விட்டது. மீதி இடத்தில் விரலை வைத்தால் ரேகை பதியும் அளவுக்கு இளகியிருந்தது. சூடான பாத்திரம் வைத்த இடங்களில் வட்டவட்டமாக வெள்ளை பூத்திருந்தது.

காரணத்தைப் பின்னர்தான் தெரிந்துகொண்டேன். என் விரிப்பு பிவிசி என்னும் பிளாஸ்டிக்கால் ஆனது. பிவிசி இயல்பில் விறைப்பானது. அதைத் துணிபோல வளையச் செய்வதற்குப் பிளாஸ்டிசைசர் என்னும் எண்ணெய்த் தன்மையுள்ள பொருளைச் சேர்க்கிறார்கள். அது பிளாஸ்டிக்குக்குள்ளேயே நிலையாக இருப்பதில்லை. தொட்டுக்கொண்டிருக்கும் பாலிஷுக்குள் மெல்ல மெல்ல இறங்கி அதை இளக வைக்கிறது, வெப்பம் பட்டால் இன்னும் வேகமாக. மரச்சாமான்களுக்கு அடிக்கும் பூச்சுகளில் ஒன்றான நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர் இதற்கு மிக எளிதில் இடம் கொடுக்கும். நன்றாகக் காய்ந்து இறுகிய பாலியூரிதேன் பூச்சு ஓரளவு தாங்கும். என் மேசையில் இருந்தது லாக்கர். வெள்ளை வட்டங்களோ, விரிப்புக்கு அடியில் சிக்கிய ஈரம் வெப்பத்தால் பூச்சுக்குள் இறங்கியதால் வந்தவை.

கடைக்காரர்கள் பழியை என் மேலேயே போட்டார்கள். சூடான பாத்திரத்தை நேராக வைக்கலாம் என்று சொன்னவர்களே, ஏன் வைத்தீர்கள் என்று கேட்டது இன்றும் மனத்தை உறுத்துகிறது. பலமுறை அலைந்த பிறகு பாலிஷ் செய்ய ஓர் ஆளை அனுப்பினார்கள். அவர் முரட்டு உப்புத்தாளை இயந்திரத்தில் மாட்டித் தேய்த்ததில், பலகையின் மேல் ஒட்டியிருந்த, ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத வெனீர் என்னும் மெல்லிய மரத்தகடு ஒரு மூலையில் தேய்ந்துபோய் அடியிலிருந்த பலகை தெரிந்தது. அதை இனி எந்தப் பாலிஷாலும் மறைக்க முடியாது.

ஆகவே எந்த விரிப்பை வாங்கினாலும், அது பிவிசியா, மேசையில் இருக்கும் பூச்சு எது என்ற இரண்டுக்கும் விடையை ரசீதிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தரத் தயங்கினால் வாங்காதீர்கள். இப்போது நான் பருத்தித் துணியும், பாத்திரங்களுக்கு அடியில் ஃபெல்ட் வட்டங்களும் மட்டுமே பயன்படுத்துகிறேன். உண்மையில் கீறலைப் பெரும்பாலும் உண்டாக்குபவை மணல் துகளும், பீங்கான் பாத்திரங்களின் அடியில் மெருகு பூசாமல் விடப்பட்ட சொரசொரப்பான வளையமும்தான். மணலில் உள்ள குவார்ட்ஸ் என்னும் கனிமம், கடினத்தன்மையைக் காட்டும் மோஸ் அளவுகோலில் 7. கண்ணாடியே சுமார் 5.5தான் என்னும்போது மரப்பூச்சு எம்மாத்திரம்? மேசையைத் துடைத்த பிறகு துணியை விரிப்பதும், பாத்திரத்தை இழுக்காமல் தூக்கி வைப்பதும் எனக்கு அந்த விரிப்பைவிட அதிகம் உதவியிருக்கின்றன.

உங்கள் மேசையில் அத்தகைய விரிப்பு ஏற்கெனவே கிடந்தால், இன்றே ஒரு மூலையை மெதுவாகத் தூக்கிப் பாருங்கள். ஒட்டிக்கொண்டிருந்தால் வெடுக்கென்று இழுக்க வேண்டாம்; பிசுபிசுப்பைப் போக்கத் தின்னரைத் தொடவே வேண்டாம், அது லாக்கரையே கரைத்துவிடும்.