கரும்பு மேட்டில் நான்கு குவாட்கள்: ஹோண்டா, யமஹா, பொலாரிஸ், கேன்-ஆம்

தென்னாப்பிரிக்காவின் குவாசூலு-நட்டாலில், டோங்காட்டிலிருந்து ஸ்டேங்கர் வரைக்கும் கரும்பு வைத்திருப்பவர்கள் குவாட் (நாலு சக்கரப் பண்ணை பைக்) வாங்கப் போகும்போது முதலில் கேட்பது எத்தனை சி.சி. என்பதுதான். வாங்கி இரண்டு மூன்று அறுவடை கண்டவர்கள் அதைக் கேட்பதில்லை. இந்த நான்கு கம்பெனி வண்டியும் நம் மேடுகளில் ஏறிவிடும். பின்பக்கம் 60 லிட்டர் களைக்கொல்லித் தண்ணீரைக் கட்டிக்கொண்டு ஈரச் சரிவில் இறங்கும்போது எது சொன்ன பேச்சைக் கேட்கிறது என்பதில்தான் கம்பெனிக்குக் கம்பெனி வித்தியாசம் இருக்கிறது.

இங்கே பேசுவது ஹோண்டா டி.ஆர்.எக்ஸ். 420 (கால் கியர், ஃபோர் வீல்), யமஹா கிரிஸ்லி 700, பொலாரிஸ் ஸ்போர்ட்ஸ்மேன் 570, கேன்-ஆம் அவுட்லாண்டர் ஆகிய நான்கையும் பற்றி. சுசுகி கிங்குவாட் இன்னும் பல பண்ணைகளில் ஓடுகிறது. சி.எஃப்.மோட்டோ விலையில் மலிவு. ஆனால் நீண்ட நாள் உழைப்பை வைத்துப் பேசும்போது சண்டை இந்த நால்வருக்குள்தான்.

முதல் பிரிவினை கியரா பெல்ட்டா என்பது. ஹோண்டாவில் ஐந்து கியர், தானாகப் பிடித்து விடும் கிளட்ச், சக்கரம் வரை ஷாஃப்ட். எங்கும் ரப்பர் பெல்ட் கிடையாது. மற்ற மூன்றிலும் இரண்டு கப்பிகளுக்கு நடுவே ஓடும் பெல்ட்தான் கியர்பெட்டிக்கு முன்னால் நிற்கிறது. பொலாரிஸ் 1954இல் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் தொடங்கி, பனிவண்டி செய்து பேர் வாங்கிய கம்பெனி. கேன்-ஆமும், 1959இல் வந்த ஸ்கி-டூ பனிவண்டியும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். பெல்ட் இவர்களுக்குப் பனிக்காலத்துச் சொத்து. சுற்றிலும் உறைபனி இருக்கும் இடத்தில் பெல்ட் சூடாவது பெரிய கவலை இல்லை. நம் கோடையான ஜனவரியில், காற்றே புகாத கரும்பு வரிசைகளுக்கு நடுவில், ஆள் நடக்கும் வேகத்தில் சுமை இழுக்கச் சொன்னால் அதே பெல்ட் வேறு முகம் காட்டும்.

மெதுவாக ஓடும்போது பெல்ட் சூடாவதற்குக் காரணம் எளிது. கப்பி முழுதாகப் பிடிக்கும் வேகம் வராதபோது பெல்ட் வழுக்கிக்கொண்டே ஓடுகிறது. வழுக்கல் சூடாகிறது, சூட்டில் பெல்ட்டின் பக்கம் கண்ணாடி மாதிரி பளபளத்துப் போகிறது, பளபளத்த பெல்ட் இன்னும் வழுக்குகிறது. கருகிய ரப்பர் வாசனை வந்த பிறகு யோசிப்பது தாமதம். மணிக்கு 11 கிலோமீட்டருக்குக் கீழே ஓட்டினால் லோவில் (மெதுவேகக் கியரில்) போடு என்று பொலாரிஸ் சொல்கிறது. மற்ற பெல்ட் வண்டிகளுக்கும் அதையே சட்டமாக வைத்துக்கொள்ளலாம். கூலிக்கு ஓட்டும் பையன்கள் ஹையிலேயே ஓட்டுவார்கள், ஏனென்றால் லோவில் இன்ஜின் கத்துகிறது. கத்தட்டும், பெல்ட் பிழைக்கும். புதுப் பெல்ட் போட்டால் முதல் 50 கிலோமீட்டர் சுமையில்லாமல், வேகத்தை மாற்றி மாற்றி ஓட்டிப் பழக்க வேண்டும். பழைய பெல்ட் கிழிந்து போயிருந்தால் நூல் துணுக்குகள் கப்பியின் பின்புறமும் சீலிலும் சுற்றியிருக்கும். அவற்றை எடுத்துச் சுத்தம் செய்யாமல் புதியதைப் போட்டால் காசு வீண்.

பெல்ட் வண்டிகளுக்குள்ளும் யமஹா தனி ஜாதி. அதில் பெல்ட் எப்போதும் இறுக்கமாகவே இருக்கும். வண்டி நகரத் தொடங்கும்போது வழுக்கிப் பிடிப்பது எண்ணெயில் ஊறிய தனி கிளட்ச். பொலாரிஸில் ஐடிலிங்கில் கப்பி திறந்து நிற்கும், ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் பெல்ட்டே தேய்ந்து பிடிக்க வேண்டும். ஒரு வரிசை முடிந்து நின்று, திரும்பி, மறுபடி கிளம்பி என்று நாளெல்லாம் நடக்கும் மருந்தடிப்பு வேலையில் இந்த வித்தியாசம் பெல்ட்டின் ஆயுளில் தெரியும். பெல்ட் வண்டிதான் வேண்டும், ஆனால் பெல்ட் தலைவலி வேண்டாம் என்பவருக்குக் கிரிஸ்லிதான் பதில். விலைதான் அடுத்த தலைவலி.

மருந்தடிப்பு என்று வந்துவிட்டதால் ஒரு கணக்கு. ஹெக்டேருக்கு விழும் லிட்டர் = ஒரு நாசில் (மருந்து பீய்ச்சும் முனை) நிமிடத்துக்குத் தரும் லிட்டர் × 600 ÷ (வேகம் கிலோமீட்டரில் × நாசில் இடைவெளி மீட்டரில்). நாசில் 0.8 லிட்டர், இடைவெளி அரை மீட்டர், வேகம் 6 என்றால் 160 லிட்டர் விழும். அதே நாசிலோடு வேகம் 8 ஆகிவிட்டால் 120தான். கால்பங்கு மருந்து குறைந்துவிட்டது. களை சாகவில்லை, மருந்துக்கடைக்காரருக்குத் திட்டு. ஹோண்டாவில் ஒரு கியரைத் தேர்ந்து, த்ராட்டிலை ஒரே நிலையில் பிடித்தால் சமநிலத்தில் வேகம் மாறாது. 100 மீட்டரைக் கயிறு பிடித்து அளந்து, 60 விநாடியில் கடந்தால் 6 கிலோமீட்டர், 45 விநாடி என்றால் 8. எந்தக் கியரில், எந்தச் சத்தத்தில் 60 விநாடி வருகிறது என்று ஒருமுறை பார்த்துக்கொண்டால் போதும். பெல்ட் வண்டியில் சிறு மேடு வந்தாலே பெல்ட் தன் இஷ்டத்துக்கு விகிதத்தை மாற்றிக்கொள்ளும். கண் எப்போதும் வேகமானியில் இருக்க வேண்டும், அதுவும் குண்டும் குழியுமான வரிசையில். இந்த ஒரு வேலைக்கு மட்டும் குவாட் வாங்குகிறவர் வேறு எதையும் பார்க்கத் தேவையில்லை, ஹோண்டாவை எடுக்கலாம்.

இனி இறக்கம். கியர்ஸ்னி பக்கத்துச் சரிவுகளைத் தெரிந்தவர்களுக்கு இதன் அருமை புரியும். பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் ஈர மண்ணில் சக்கரம் பூட்டிக்கொள்ளும், வண்டி சறுக்கும். கியரில் விட்டு இறக்குவதுதான் முறை. அப்போது இன்ஜினின் பிடி எத்தனை சக்கரத்துக்குப் போகிறது என்பதைப் பார்க்க வேண்டும். ஹோண்டாவிலும் யமஹாவிலும் ஃபோர் வீல் போட்டால் முன் சக்கரங்களும் இன்ஜினோடு கட்டுண்டவை, நான்கும் பிடிக்கும். பொலாரிஸின் ஃபோர் வீல் வேறு மாதிரி வேலை செய்கிறது. பின் சக்கரம் வழுக்கும்போது மட்டும் முன் டிஃப்பில் (இரண்டு முன் சக்கரங்களுக்கும் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) உள்ள உருளைகள் மின்காந்தத்தின் உதவியால் கவ்விக்கொள்ளும். ஏற்றத்தில் அருமையான ஏற்பாடு, ஸ்டீயரிங் இலகுவாக இருக்கும், ஓட்டுபவர் பொத்தானைத் தேட வேண்டியதில்லை. இறக்கத்திலோ முன் சக்கரங்கள் தனியாக உருளும். பிடி பின்னால் மட்டும்தான், அதுவும் இறங்கும்போது பாரம் முன்னே சாய்ந்து பின்பக்கம் லேசாகிவிடுகிற நேரத்தில். இதற்காகவே ஏ.டி.சி. என்ற இறக்கக் கட்டுப்பாட்டைப் பொலாரிஸ் சில மாடல்களில் வைக்கிறது. அது இருந்தால் நான்கும் பிடிக்கும். மேட்டு நிலத்துக்குப் பழைய ஸ்போர்ட்ஸ்மேன் வாங்குகிறவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி ஏ.டி.சி. உண்டா என்பதே.

ஹோண்டாவிலும் ஒரு பொறி உண்டு. கால் கியரை மிதித்துப் பிடித்திருக்கும் வரை கிளட்ச் விடுபட்டே இருக்கும். சரிவின் நடுவில் கியரைக் குறைக்கலாம் என்று மிதித்து, அங்கேயே காலை வைத்திருந்தால் வண்டி கட்டறுத்துக்கொண்டு ஓடும். கியரை உச்சியிலேயே தேர்ந்துவிட வேண்டும். இறங்கத் தொடங்கினால் அந்தக் காலை எடுத்துவிட வேண்டும். கம்பூட்ஸ் போட்டவர்களுக்குக் கால் கியர் இடுக்காக இருக்கும், அதனால் பொத்தான் கியர் வகையை விரும்புகிறார்கள். அதுவும் நல்லதுதான். ஆனால் மாற்றுவது மின்மோட்டார், ஆகவே பாட்டரி நோஞ்சானானால் கியரும் நோஞ்சான். தொழுவத்தில் வாரக்கணக்கில் சும்மா நிற்கும் வண்டிக்குக் கால் கியரே மேல்.

கேன்-ஆமின் முன் டிஃப்பில் உள்ள விஸ்கோ-லாக், இரண்டு முன் சக்கரங்களும் வேறு வேறு வேகத்தில் சுழலும்போது தானாகவே படிப்படியாக இறுகும். கொஞ்சம் சுழல விட்டால்தான் பிடிக்கும். பயந்து த்ராட்டிலை விட்டு விட்டு அமுக்குகிறவர் சேற்றிலேயே நிற்பார், சீராக அமுக்கிப் பிடிப்பவர் வெளியே வந்துவிடுவார். இரட்டைச் சிலிண்டர் மாடல்களின் இழுப்பு இந்த நால்வரில் தனி. ட்ரெய்லர் இழுக்க நல்லது. ஆனால் இன்ஜின் சூடு தொடைக்கு வரும், கோடையில் மெதுவாக ஓட்டும்போது அது லேசான விஷயமில்லை.

இன்னொரு பழக்கப் பிரச்சினை. பொலாரிஸில் வலது கைக்குப் பிரேக் லீவர் இல்லை. இடது கை லீவர் ஒன்றே நான்கு சக்கரத்தையும் பிடிக்கும், கூடவே கால் பிரேக். ஹோண்டாவில் கை பழகியவர் அவசரத்தில் வலது கையைத்தான் இறுக்குவார். பண்ணையில் இரண்டு கம்பெனி வண்டியும் இருந்து, ஆட்கள் மாறி மாறி ஓட்டினால் சமநிலத்தில் அரை மணி நேரம் பழக விட்ட பிறகே மேட்டுக்கு அனுப்ப வேண்டும்.

சுமை. கடையில் விற்கும் 100 லிட்டர் டாங்க்கைப் பின் ராக்கில் கட்டி முழுதாக நிரப்புவது எல்லாப் பண்ணையிலும் நடக்கிறது. கிரிஸ்லியின் பின் ராக் தாங்குவது 90 கிலோ, ஸ்போர்ட்ஸ்மேன் 570இல் சுமார் 82. வெறும் டாங்க், பம்ப், குழாய் சேர்ந்து 12 முதல் 15 கிலோ. ஆக ஸ்போர்ட்ஸ்மேனில் 65 லிட்டர், கிரிஸ்லியில் 75 லிட்டருக்கு மேல் ஊற்ற இடமில்லை. ஹோண்டாவில் ஆண்டுக்கு ஆண்டு அளவு மாறியிருக்கிறது, வண்டியில் ஒட்டியுள்ள பட்டையைப் பார்த்துக்கொள்ளவும். பழைய மாடல்கள் இவ்வளவு தாங்காது. தண்ணீர் பாதியானால் ஆபத்து பாதியாவதில்லை. அலம்பும் தண்ணீர் சரிவில் பள்ளத்துப் பக்கம் பாய்ந்து வண்டியைத் தள்ளும். தடுப்புச் சுவர் உள்ள டாங்க்காக வாங்க வேண்டும், சரிவைக் குறுக்கே கடக்காமல் நேராக ஏறி நேராக இறங்க வேண்டும். ஆஸ்திரேலியாவில் 2021 அக்டோபர் முதல் புதிய பண்ணைக் குவாட்களில் கவிழ்ந்தால் ஓட்டுபவரைக் காக்கும் கம்பி கட்டாயம். அதை ஏற்காமல் ஹோண்டா, யமஹா இரண்டும் அந்தச் சந்தையையே விட்டு விலகின. அந்தக் கம்பியைத் தனியாக வாங்கி மாட்டுவது வீண் செலவு என்று யாராவது சொன்னால் காதில் வாங்க வேண்டாம். ஹெல்மெட் பற்றிச் சொல்லவே தேவையில்லை என்று நினைக்கத்தான் ஆசை, ஆனால் வயலில் பார்த்தால் தொப்பிதான் அதிகம்.

டயர் காற்று நான்கிலும் ஏறக்குறைய 0.3 முதல் 0.5 பார் வரைதான். பக்கிக்கு (பிக்கப் வண்டிக்கு) வைத்திருக்கும் அளவுமானி இவ்வளவு குறைந்த எண்ணைச் சரியாகக் காட்டாது. குறைந்த அழுத்தத்துக்கான தனி மானி வேண்டும். இடது வலது டயர்களில் கொஞ்சம் வித்தியாசம் இருந்தாலும் வண்டி ஒரு பக்கம் இழுக்கும், சரிவில் அது பெரிய விஷயம். வெட்டிய கரும்புக் கட்டை டயரையும் சி.வி. பூட்டையும் (சக்கர ஷாஃப்டின் மூட்டை மூடும் ரப்பர் உறை) குத்தும். பூட் கிழிந்த அன்றே மாற்றினால் ரப்பர் செலவோடு போகும். விட்டால் மண் புகுந்து, திரும்பும்போது டக் டக் என்று சத்தம் கேட்கும், பிறகு முழு ஷாஃப்டும் மாற்ற வேண்டியதுதான்.

பராமரிப்புக்கு நம் மாதக் கணக்கே போதும். ஆடிக் கூழ் ஊற்றும் நாட்கள் காய்ந்த காற்றும் கரும்பு எரித்த சாம்பலும் பறக்கும் அறுவடை நேரம். அப்போது ஏர் ஃபில்டரை வாரம் ஒருமுறையாவது திறந்து பார்க்க வேண்டும். ஹோண்டா, யமஹாவின் நுரை ஃபில்டரைச் சோப்புத் தண்ணீரில் அலசி, பிழியாமல் அமுக்கி நீரெடுத்து, நிழலில் உலர்த்தி, ஃபில்டர் எண்ணெய் ஊற வைத்து மாட்டலாம். பொலாரிஸின் பிரதான ஃபில்டரைக் கழுவக் கூடாது, மாற்றத்தான் வேண்டும். கம்ப்ரஸர் காற்றடித்து ஓட்டினால் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை வழியே தூசி சிலிண்டருக்குப் போகும். ஃபில்டரைத் தாண்டிய குழாயின் உள்ளே விரலால் தடவிப் பார்க்கவும். மணல் ஒட்டினால் ஃபில்டர் சரியாக உட்காரவில்லை. ரேடியேட்டரில் சாம்பலும் புல்விதையும் அடைத்திருக்கும். இன்ஜின் பக்கமிருந்து வெளிநோக்கி, சாதாரண ஹோஸில் கழுவ வேண்டும். பிரஷர் வாஷர் இறக்கைகளை மடக்கிவிடும்.

தைப்பூசக் காவடி எடுக்கும் சமயம் மழையும் சேறும். பெல்ட் பெட்டிக்குள் தண்ணீர் போனால் இன்ஜின் கத்தும், வண்டி நகராது. அடியில் உள்ள வடிகால் மூடியைத் திறந்து நீரை விட்டு, நியூட்ரலில் வைத்து த்ராட்டிலைக் கூட்டிக் குறைத்துக் காய வைக்க வேண்டும். காயும் முன் இழுத்தால் பெல்ட் பளபளத்துவிடும். யூரியா, எல்.ஏ.என். (சுண்ணாம்பு கலந்த அம்மோனியம் நைட்ரேட் உரம்) தூவிய நாளில் வயர் இணைப்புகளையும் பிரேக் குழாய் முனைகளையும் நல்ல தண்ணீரில் கழுவாமல் விட்டால் செம்பு பச்சை பூத்துப் போகும். டிஃப் எண்ணெயை வடித்துப் பார்த்தால் பால் நிறமாக இருக்கிறதா? தண்ணீர் சீல் வழியாகவோ மூச்சுக் குழாய் வழியாகவோ புகுந்துவிட்டது என்று பொருள்.

எண்ணெயில் தவறு செய்கிறவர்கள் நிறைய. ஹோண்டாவில் கிளட்சும் இன்ஜின் எண்ணெயிலேயே ஊறுகிறது, ஆகவே ஜாசோ எம்.ஏ. என்று போட்ட மோட்டார் சைக்கிள் எண்ணெய்தான் வேண்டும். பக்கிக்கு வாங்கிய மிச்சத்தை ஊற்றினால் கிளட்ச் வழுக்கும். பொலாரிஸின் முன் டிஃப்புக்கு அதற்கென்றே செய்த எண்ணெய் உண்டு. சாதாரணக் கியர் எண்ணெய் ஊற்றினால் உருளைகள் கவ்வாமல் ஃபோர் வீல் இல்லாததாகிவிடும். பிறகு மின்சுருள் போய்விட்டது என்று யாராவது பாகத்தை விற்பார்.

பழையது வாங்குகிறவர் பார்க்க வேண்டியதைச் சுருக்கமாகச் சொன்னால்: பெல்ட் வண்டியாக இருந்தால் பெல்ட் மூடியைக் கழற்றச் சொல்லுங்கள், விற்பவர் தயங்கினால் விலையைக் குறைத்தே பேசுங்கள். முன் சக்கரங்களைத் தூக்கி மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள், ஆட்டம் இருந்தால் பால் ஜாயின்ட் அல்லது பேரிங். ஹோண்டாவாக இருந்தால் சூடான இன்ஜினில், இரண்டாம் கியரில் ஏற்றத்தில் இழுத்துப் பாருங்கள். சத்தம் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் தேய்ந்திருக்கிறது. ஓடிய மணிநேரத்தைக் காட்டும் மீட்டரை மட்டும் நம்பாமல் கால் வைக்கும் இடத்தின் ரப்பரையும், த்ராட்டில் கட்டைவிரல் பிடியின் தேய்மானத்தையும் ஒத்துப் பாருங்கள். 300 மணி நேரம் ஓடிய வண்டிக்கு அவை வழவழப்பாகத் தேய்ந்திருக்காது.