85,000 ராண்டை விழுங்கிய பட்டறை: பழைய லேண்ட் ரோவர் வைத்திருக்கும் டர்பன் ஆட்கள் கவனம்

டர்பன் பக்கம் பழைய லேண்டி வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு அப்புறம் பட்டறைக்குப் போங்கள். 85,000 ராண்ட் போச்சு, நேற்றுதான் தெரிந்தது.

வண்டி 1976 சீரீஸ் த்ரீ, மாமனார் ஸ்டேங்கர் பக்கம் கரும்புத் தோட்டத்தில் ஓட்டியது. இந்த வண்டிக்கு உடம்பு அலுமினியம், ஆனால் அடியில் வண்டியையே தாங்கும் சட்டமான சேஸிஸ் இரும்புப் பெட்டி, கடற்காற்றில் உள்ளுக்குள்ளேயே அரித்துக்கொண்டு போகும், வெளியே ஒன்றும் தெரியாது. அரித்த இடத்தை வெட்டிப் புதுத் தகடு வைத்து வெல்டு பண்ணி, சேஸிஸைத் தனியாக உருகிய துத்தநாகத்தில் முக்கி எடுத்து (கால்வனைசிங்), கூடவே பவர் ஸ்டீயரிங்கும் மாட்டித் தருவது என்று பேச்சு.

ஃபோர் பை ஃபோர் மட்டுமே பார்க்கும் ஒரு பட்டறை. பட்டறைக்காரர் வண்டிக்கு அடியில் படுத்து, சின்னச் சுத்தியலால் சேஸிஸைத் தட்டிக்கொண்டே வந்தார். நல்ல இடத்தில் 'டங்'. பின்பக்கக் குறுக்குச் சட்டம், அதாவது கிராஸ்மெம்பர், வந்ததும் 'தொப்'. "கேட்டீங்களா தம்பி, இங்க இரும்பே இல்ல, பெயின்ட்தான் நிக்குது" என்றார். அந்தத் 'தொப்'புக்குத்தான் நான் 85,000 ராண்டையும் கட்டினேன். இவ்வளவு தெரிந்தவர், குறையை மறைக்காமல் காட்டுகிறவர், சுவரில் முருகன் படம் வேறு.

அப்புறம் ஆரம்பித்தது கதை. லோட் ஷெடிங், அதாவது மின்வெட்டு, வெல்டிங் ஓடவில்லை. டிசம்பர் லீவு, கால்வனைசிங் கம்பெனி மூடியாச்சு. தைப்பூசம் வந்ததும், "அண்ணன் காவடி விரதத்தில இருக்காங்க, போன் எடுக்க மாட்டாங்க" என்று ஒரு பையனின் வாய்ஸ் நோட். விரதத்தில் பொய் சொல்லக்கூடாதே, அதனால் இருக்கும்.

வண்டி வந்தது, அடியெல்லாம் வெள்ளிப் பளபளப்பு. ஆனால் ஃபேரி ஓவர்டிரைவைக் காணோம் (நெடுஞ்சாலையில் எஞ்சின் சுற்றைக் குறைக்கும் கூடுதல் கியர்), லீவரோடு! "அது முதல்லயே இல்லையே தம்பி" என்கிறார். மாமனார் பார்த்துப் பார்த்து மாட்டியது அது. நேற்று வண்டி ரோட்டில் ஓடத் தகுதியா என்று பார்க்கும் ரோட்வொர்த்தி டெஸ்டில் அதிகாரி அதே கிராஸ்மெம்பரில் ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தினார், கைப்பிடி வரை உள்ளே போனது. தகடு வெட்டவே இல்லை. துருவுக்கு மேல் பட்டி, பட்டிக்கு மேல் சில்வர் பெயின்ட். அந்த அரித்த சேஸிஸிலேயே ஸ்டீயரிங்கையும் மாட்டி வைத்திருக்கிறார், அதுவும் ஒழுகுகிறது. கேட்டால், "பீச்சில ஓட்டியிருப்பீங்க" என்று ஒரு வரி. அதற்கப்புறம் நீல டிக் மட்டும்தான்.

விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போதைக்கு இவ்வளவுதான் வருகிறது. உண்மையில் முக்கி எடுத்த சேஸிஸ் என்றால் பெட்டிக்கு உள்ளேயும் பூச்சு இருக்கும், துத்தநாகம் போய் வரத் துளைகள் இருக்கும், டார்ச் அடித்துப் பாருங்கள். கால்வனைசிங் பில்லைக் கேளுங்கள். கழற்றிய பழைய பாகங்களையும் கேளுங்கள், 2008 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் அதற்கு இடம் இருக்கிறது. வண்டியை விடும் முன் ஓவர்டிரைவ், கார்புரேட்டர் எல்லாவற்றையும் நம்பரோடு போட்டோ எடுங்கள். முழுப் பணத்தையும் முன்னாலேயே கொடுக்காதீர்கள். சின்னத் தொகை வழக்குகளைப் பார்க்கும் ஸ்மால் கிளெய்ம்ஸ் கோர்ட் 20,000 ராண்டுக்கு மேல் எடுக்காது, என் 85,000-க்கு வக்கீல்தான் பிடிக்க வேண்டும், நாளைக்குப் போகிறேன். பட்டறைப் பெயரைக் கேட்டு யாரும் மெசேஜ் போடாதீர்கள், வக்கீலைப் பார்க்கும் வரை சொல்ல மாட்டேன்.