செகண்ட் ஹேண்ட் ஐ7-3770, நாலு வருஷம்: காணாமல் போன 8 ஜிபி

"அண்ணே, 3770 இப்ப சல்லிசா கிடைக்குது, வாங்கலாமா?" என்று போன வாரம் தம்பி ஒருவன் கேட்டான். சட்டென்று பதில் சொல்ல வரவில்லை. நாலு வருஷத்துக்கு மேலாக நான் வைத்திருப்பது அதே பிராசசர்தான், அதில் மூன்று வருஷம் என் 16 ஜிபி ராமில் 8 ஜிபி வருவதும் போவதுமாக இருந்து உயிரை வாங்கியது.

2021 கடைசியில் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு சின்னக் கடையில் வாங்கினேன். "ஐ7, மூணாவது ஜெனரேஷன்" என்றார் கடைக்காரர், அதற்கு மேல் பேச்சில்லை. பிராசசரின் உலோக மூடி மேல், சூட்டைக் கூலருக்குக் கடத்தப் பூசும் பேஸ்ட் காய்ந்து அப்பிக் கிடந்தது, எழுத்தே தெரியவில்லை. அங்கேயே துடைத்துக் காட்டச் சொன்னேன். இதை மட்டும் யாரும் விட்டுவிடாதீர்கள். வெறும் 3770 என்றால் 3.4 கிகாஹெர்ட்ஸ், 77 வாட். பின்னால் எஸ் இருந்தால் 3.1, 65 வாட். டி இருந்தால் 2.5, 45 வாட். அந்த ஒற்றை எழுத்து பேஸ்ட்டுக்கு அடியில் மறைந்து போனால் வேறு சரக்கை வாங்கி வந்துவிடுவீர்கள். அதற்குப் பக்கத்திலேயே ஐந்தெழுத்தில் ஒரு குறி இருக்கும், 3770-க்கு அது எஸ்ஆர்0பிகே. எஸ்ஆருக்குப் பதிலாக கியூவில் தொடங்கினால் அது சோதனைக்குக் கொடுத்த மாதிரிச் சரக்கு, தொடவே வேண்டாம். எனக்குக் கிடைத்தது சரியானதுதான், வீட்டுக்கு வந்து பிராசசர் விவரம் காட்டும் சிபியு-இசட் மென்பொருளில் பார்த்தபோதும் அதே பெயர் வந்தது.

என்னிடம் இருந்தது எச்61 மதர்போர்டு. மாட்டினால் ஃபேன் சுற்றுகிறது, டிஸ்பிளே இல்லை. செத்த பிராசசரைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று ஒரு ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. பார்த்தால் பழைய பயாஸ், அதாவது கம்ப்யூட்டரை எழுப்பிவிடும் போர்டின் மென்பொருள். இரண்டாம் தலைமுறைக்கும் மூன்றாம் தலைமுறைக்கும் ஒரே 1155 சாக்கெட்தான் என்றாலும் பழைய பயாஸுக்கு மூன்றாம் தலைமுறையைத் தெரியாது. என் பழைய இரண்டாம் தலைமுறை பிராசசர் ஐ3-2100-ஐ விற்காமல் வைத்திருந்தேன், அதை மாட்டி பயாஸை அப்டேட் செய்து மறுபடி 3770-ஐப் போட்டதும் வந்துவிட்டது.

அப்புறம் ஆரம்பித்தது அந்தத் தொல்லை. ஒரு நாள் 16, மறுநாள் 8. ராமை ரப்பர் போட்டுத் தேய்த்தேன், இடம் மாற்றினேன், எந்த ராமைப் போட்டாலும் இரண்டாவது ஸ்லாட்டில் மட்டும் எடுக்கவில்லை. சர்வீஸுக்குக் கொண்டுபோனால் கூலரைக்கூடக் கழற்றாமல் "போர்டு போச்சு சார்" என்றார்கள். நம்பி, இன்னொரு பழைய எச்61 வாங்கினேன். நாலு மாதம் நன்றாக ஓடியது, திரும்ப 8. இப்போது நினைத்தாலும் அந்தக் காசை நினைத்து வயிறு எரிகிறது.

போர்டு மாறியது, ராம் மாறியது. மாறாதவை பிராசசரும் கூலரும்தான். ராமைக் கட்டுப்படுத்தும் பகுதி இந்தத் தலைமுறையில் பிராசசருக்குள்ளேயே இருக்கிறது. எச்61-இல் ஸ்லாட் இரண்டு, ஒவ்வொன்றுக்கும் தனித் தடம். சாக்கெட்டின் ஏதோ ஒரு பின் பிராசசரின் அடியில் உள்ள புள்ளியைச் சரியாகத் தொடவில்லை என்றால் ஒரு ஸ்லாட் முழுசாகப் போய்விடலாம். இது எனக்கு அப்போதே உறைத்திருந்தால் மூன்று வருஷம் வீணாகியிருக்காது.

எட்டு மாதத்துக்கு முன்னால் தூசு தட்டும்போதுதான் கவனித்தேன், கூலரின் நாலு பிளாஸ்டிக் கால்களில் ஒன்று நுனி பிளந்து, லாக் ஆகாமல் நின்றது. அந்த மூலை லேசாகத் தூக்கிக்கொண்டிருந்தது. பிராசசரைக் கழற்றித் திருப்பினால், ஓரத்தில் நாலைந்து புள்ளிகள் மேல் பழைய பேஸ்ட் மெல்லிசாகப் படிந்திருக்கிறது, யார் கை பட்டதோ. ஐபிஏ (ஐசோபுரோபைல் ஆல்கஹால்) தொட்டு மெல்லிய பிரஷால் துடைத்தேன், நன்றாகக் காய விட்டேன், பின்புறம் தகடு வைத்து ஸ்குரூ போடும் கூலர் வாங்கி நாலு மூலையையும் மாற்றி மாற்றிச் சமமாக இறுக்கினேன். அன்றிலிருந்து ஒரு நாள்கூட 16 குறையவில்லை. இரண்டில் எது காரணம் என்று பிரித்துச் சொல்ல முடியாது, இரண்டையும் ஒரே நாளில் சரிசெய்துவிட்டேன்.

பிராசசர் மேல் குற்றமே இல்லை, அதைச் சொல்லத்தான் வேண்டும். 2012-இல் வந்த சரக்கு, நாலு கோர், எட்டு த்ரெட், கல்யாண ஆல்பம் வேலையை இன்றைக்கும் அலுக்காமல் செய்கிறது. மூடிக்கு உள்ளே சால்டருக்குப் பதில் பேஸ்ட் வைத்திருப்பதால் முந்தைய தலைமுறை ஐ7-2600-ஐவிடச் சீக்கிரம் சூடேறும், சித்திரை வெயிலில் அது தெரியும். அதுகூடப் பெரிய குறையில்லை.

ஆனாலும் தம்பிக்கு "வாங்காதே" என்றுதான் சொன்னேன். விண்டோஸ் 11 இதை ஏற்பதில்லை, விண்டோஸ் 10-க்கான ஆதரவும் 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது என்று காரணம் சொன்னேன். அதைவிடப் பெரிய காரணம், இதற்கேற்ற போர்டுகள் எல்லாம் கிழடு தட்டிவிட்டன, நான் பட்ட அலைச்சலை இன்னொருவன் படுவதைப் பார்க்க எனக்கு மனசில்லை. "அப்ப உங்களோடதைக் குடுங்கண்ணே" என்றான். அதைக் கொடுக்க மாட்டேன். அப்படியும் வாங்கத்தான் போகிறான் என்றால் ஐபிஏ பாட்டிலும் அந்த ஐ3-2100-உம் என்னிடம் இருக்கின்றன, வந்து எடுத்துக்கொண்டு போகட்டும்.