சாலட்டும் டிரெஸ்ஸிங்கும்: நெடுநாள் புழக்கத்தில் தேறியவை

வீட்டில் செய்யும் சாலட் சப்பென்று இருந்தால் பழி அதில் ஊற்றிக் கலக்கும் டிரெஸ்ஸிங் மேல்தான் விழும். இன்னொரு சாஸ், இன்னும் கொஞ்சம் எண்ணெய் என்று சேர்த்துக்கொண்டே போவோம். பல வருடங்களாக வாரத்தில் பாதி நாள் சாலட் செய்யும் வீட்டு அனுபவத்தில் சொன்னால், ருசியைக் கெடுப்பது பெரும்பாலும் தண்ணீர்தான். இலையில் ஈரம் இருந்தால் எண்ணெய் ஒட்டாது. டிரெஸ்ஸிங் முழுக்க வழுக்கிக் கிண்ணத்தின் அடியில் தேங்கும். மேலே இருப்பது வெறும் இலை, கீழே இருப்பது உப்புத் தண்ணீர்.

சிங்கப்பூரில் இந்தச் சிக்கல் கூடுதல். காற்றிலேயே ஈரம் அதிகம் என்பதால், கழுவிய லெட்யூஸைத் தட்டில் பரப்பி வைத்தாலும் காயாது. சூட்டில் வாடத்தான் செய்யும். ஐஸ் போட்ட தண்ணீரில் 10 நிமிடம் ஊறவிடுங்கள். துவண்ட இலைகூட நீரை இழுத்து நிமிர்ந்துவிடும். பிறகு ஸ்பின்னரில் (இலையைச் சுழற்றித் தண்ணீரை வடிக்கும் கூடை) இரண்டு தடவை சுற்றி, நடுவில் ஒருமுறை அடியில் சேர்ந்த தண்ணீரைக் கொட்டுங்கள். கடைசியாகச் சுத்தமான பருத்தித் துணியில் பரப்பி, சுருட்டி, ஃபிரிட்ஜில் அரை மணி நேரம் வைத்தால் போதும். ஸ்பின்னர் வாங்குவதானால் கைப்பிடியைச் சுழற்றும் வகையே நல்லது. கயிறு இழுக்கும் வகையில் கயிறு நாளடைவில் நைந்து அறுந்துவிடும், மாற்றுவதும் கடினம். கூடையை அளவுக்குமேல் நிரப்பினால் எந்த ஸ்பின்னரும் வேலை செய்யாது. பாதிக்குச் சற்று மேல் வரை மட்டும் போடுங்கள். பரிமாறும் கிண்ணத்தையும் 10 நிமிடம் ஃபிரிட்ஜில் குளிரவைப்பது செலவில்லாத நல்ல பழக்கம்.

வெள்ளரிக்காய் வேறு கதை. அதன் தண்ணீர் உள்ளே இருக்கிறது. 300 கிராம் வெள்ளரிக்காயை வட்டமாக நறுக்கி, அரை டீஸ்பூன் உப்பு பிசறி, வடிகட்டியில் 15 நிமிடம் வைத்துப் பிழியுங்கள். கீழே இறங்கும் தண்ணீரைப் பார்த்தால், இதுவரை அது எங்கே போயிருந்தது என்று புரியும். உப்பு காய்க்குள் இறங்கிவிட்டதால் டிரெஸ்ஸிங்கில் உப்பைப் பாதியாகக் குறைக்க வேண்டும். தக்காளிக்கும் உப்பு போட்டு 10 நிமிடம் வையுங்கள், ஆனால் அதன் சாற்றைக் கொட்டாதீர்கள். புளிப்பும் இனிப்பும் கலந்த அந்தச் சாறு டிரெஸ்ஸிங்கில் போகவேண்டிய சரக்கு. கேமரன் மலைத் தக்காளி ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த உடனே வாசம் இல்லாமல் இருக்கும். முன்கூட்டியே வெளியே எடுத்து வைத்துவிடுங்கள்.

இனி டிரெஸ்ஸிங். எண்ணெய் மூன்று பங்கு, புளிப்பு ஒரு பங்கு என்பது பிரெஞ்சு முறைக் கணக்கு. ரசமும் ஊறுகாயும் பழகிய நாக்குக்கு அது மந்தம். இரண்டுக்கு ஒன்று என்பதே நம் வீடுகளுக்குச் சரியாக வருகிறது. புளிப்புக்கு எல்லாவற்றையும்விட நிலைத்து நிற்பது கலமான்சி, மலாய்க்காரர்கள் லீமாவ் கஸ்தூரி என்பார்களே, அந்தச் சின்னப் பழம். ஈரச்சந்தையில் பை பையாகக் கிடைக்கும். எலுமிச்சையில் இல்லாத ஆரஞ்சு வாசம் அதில் உண்டு. ஒரு பழத்துக்கு அரை முதல் ஒரு டீஸ்பூன் சாறு வரும். நட்டநடுவே வெட்டாமல் சற்றுத் தள்ளி வெட்டி, வடிகட்டி மேல் பிழியுங்கள். விதை நசுங்கினால் கசக்கும். சாற்றை அன்றன்றே பிழிவது நல்லது. மறுநாள் புளிப்பு இருக்கும், வாசம் போய்விடும்.

நால்வருக்கான அளவு: கலமான்சி சாறு 2 மேசைக்கரண்டி, உப்பு அரை டீஸ்பூன், கூலா மலாக்கா (தென்னை வெல்லம்) பாகு 1 டீஸ்பூன், கடுகு விழுது 1 டீஸ்பூன், நல்லெண்ணெய் 2 மேசைக்கரண்டி, வாசமில்லாத எண்ணெய் 2 மேசைக்கரண்டி. வரிசை முக்கியம். உப்பு எண்ணெயில் கரையாது. அதனால் முதலில் சாற்றில் உப்பையும் பாகையும் கரைத்துவிட்டு, கடுகு விழுதைக் கலக்கி, கடைசியில் எண்ணெய் ஊற்றி மூடி 20 விநாடி குலுக்குங்கள். கடுகு விழுதுதான் எண்ணெயையும் சாற்றையும் சேர்த்துப் பிடித்துக்கொள்கிறது. அது இல்லாவிட்டால் சில நிமிடங்களிலேயே இரண்டும் பிரியும். 100 கிராம் இலைக்கு ஒன்றரை மேசைக்கரண்டிக்கு மேல் ஊற்ற வேண்டாம். ருசி பார்க்கும்போது கரண்டியில் நக்கிப் பார்த்தால் தப்பாகத்தான் தெரியும். ஓர் இலையை முக்கிக் கடித்துப் பாருங்கள். சற்றுத் தூக்கலாக இருக்கட்டும், குளிர்ந்த காயோடு சேரும்போது அடங்கிவிடும்.

நல்லெண்ணெய் என்றதும் ஓர் எச்சரிக்கை. தேக்காவில் (லிட்டில் இந்தியா) கிடைக்கும் நம் நல்லெண்ணெய் வேறு, சீனச் சமையலுக்கான கருத்த எள்ளெண்ணெய் வேறு. இரண்டாவது, எள்ளை நன்றாக வறுத்து எடுப்பது. மேலே சொன்ன அளவில் அதை ஊற்றினால் சாலட் முழுக்க அந்த வாசம் ஒன்றுதான் இருக்கும். அரை டீஸ்பூன் போதும், அதுவும் கடைசியில். ஆலிவ் எண்ணெயில் செய்த டிரெஸ்ஸிங் ஃபிரிட்ஜில் உறைந்து கட்டியாகும். கெட்டுப்போனதென்று கொட்டவேண்டாம், கால் மணி நேரம் வெளியே வைத்தால் இளகிவிடும்.

பாட்டில்களைப் பற்றியும் சொல்லவேண்டும். தகர மூடி போட்ட கண்ணாடிப் பாட்டில் புளிப்பு பட்டுப் பட்டு ஓரத்தில் துருப்பிடிக்கும். பிளாஸ்டிக் பாட்டிலில் பூண்டு வாசம் ஏறினால் இறங்காது. கண்ணாடிப் பாட்டில், பிளாஸ்டிக் மூடி, உள்ளே சிலிக்கோன் வளையம் என்ற சேர்க்கைதான் நீடிக்கிறது. வளையத்தைக் கழற்றிக் கழுவுங்கள், அதற்கடியில்தான் எண்ணெய் சிக்குப் பிடிக்கும்.

பூண்டு போடுபவர்கள் அதைச் சாற்றிலேயே நசுக்கி 10 நிமிடம் விட்டால் காரல் அடங்கும். பச்சைப் பூண்டை எண்ணெயில் போட்டு மேசைமேல் வைக்கும் பழக்கம் மட்டும் கூடவே கூடாது. காற்றுப்புகாத எண்ணெய்க்கடியில் போட்டுலிசம் என்ற உயிருக்கே ஆபத்தான உணவு நஞ்சாதலை உண்டாக்கும் கிருமி வளரக்கூடும். வாசத்தையோ நிறத்தையோ வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. பூண்டு போட்ட டிரெஸ்ஸிங்கை ஃபிரிட்ஜில் வைத்து மூன்று நான்கு நாளில் முடித்துவிடுங்கள்.

காரமான கனத்த டிரெஸ்ஸிங் வேண்டுமென்றால் வேர்க்கடலை. 20 கிராம் புளியைக் கால் கப் வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து வடித்து, 2 மேசைக்கரண்டி கடலை வெண்ணெய், 1 டீஸ்பூன் சோயா சாஸ், 1 டீஸ்பூன் கூலா மலாக்கா பாகு, கொஞ்சம் மிளகாய் விழுது சேர்த்துக் கலக்குங்கள். முதல் கரண்டி புளித்தண்ணீர் பட்டதும் கடலை வெண்ணெய் இறுகிக் கெட்டியாகும். பலர் இங்கேதான் பயந்து எண்ணெய் ஊற்றுகிறார்கள். தேவையில்லை, புளித்தண்ணீரையே சிறிது சிறிதாகச் சேர்த்துக்கொண்டே இருந்தால் பட்டுப்போல இளகிவரும். இது மென்மையான லெட்யூஸுக்குச் சேராது. நீளப் பயற்றங்காய், முட்டைக்கோஸ், சிறகவரை, பங்குவாங் (ஜிக்காமா) கிழங்கு போலக் கடிபடும் காய்களுக்கு அருமை. விருந்தாளிகளில் யாருக்காவது கடலை ஒத்துக்கொள்ளாதா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

தாளிப்பை மறந்துவிட்டு மேல்நாட்டுப் பொடிகளைத் தேடுவது வருத்தம் தருகிறது. ஒரு மணி நேரம் ஊறி வடிந்த பாசிப்பருப்பு, துருவிய கேரட், தேங்காய்ப்பூ, மேலே கடுகு, பெருங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை: கோசம்பரிக்கு நிகரான சாலட் அபூர்வம். உப்பும் எலுமிச்சையும் பரிமாறும் நேரத்தில்தான், முன்பே போட்டால் கேரட் நீர்விடும். தயிர் சேர்த்துச் செய்வதானால் தாளிப்பை இரண்டு நிமிடம் ஆறவிட்டு ஊற்றுங்கள், கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் தயிர் திரிந்துபோகலாம்.

வாசனைக்கு ஒன்றே ஒன்று சொல்லச் சொன்னால் ரோஜாக்கில் (பழமும் காயும் கலந்த உள்ளூர் சாலட்) போடும் புங்கா கந்தான், அதாவது டார்ச் இஞ்சிப் பூமொட்டு. இளஞ்சிவப்பு மொட்டின் வெளியிதழ்களை நீக்கி, தலைமுடி அளவுக்கு மெல்லியதாக நறுக்கவேண்டும்; தடித்தால் நார் நாராகச் சவைபடும். நால்வருக்கு அரை மொட்டு போதும். மாங்காய், அன்னாசி, வெள்ளரிக்காயோடு அது சேரும்போது வேறு எந்தச் சாஸும் தேவைப்படாது.

மொறுமொறுப்புக்கு வறுத்த நெத்திலி, வேர்க்கடலை, பொரித்த டெம்பே (புளிக்கவைத்த சோயாக் கட்டி). எல்லாம் கடைசி நிமிடத்தில். இங்குள்ள ஈரப்பதத்தில் திறந்து வைத்த கடலை சீக்கிரமே நமுத்துவிடும். ஆறியபின் இறுக மூடும் டப்பாவில் வையுங்கள்.

அலுவலகத்துக்குக் கொண்டுபோவதானால் டிரெஸ்ஸிங் அடியில், அதன்மேல் கேரட், கொண்டைக்கடலை போன்ற கெட்டிச் சரக்கு, இலை மேலே, கடலை தனிப் பொட்டலத்தில். போனதும் ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். நம் வெக்கையில் இரண்டு மணி நேரத்துக்குமேல் வெளியே இருக்கக்கூடாது. முட்டையோ கோழியோ சேர்த்திருந்தால் பையில் ஒரு ஐஸ் பொட்டலமும் வையுங்கள்.