பாத ரிஃப்ளெக்ஸாலஜி: நீண்ட நாள் செய்துவந்தால் எது கிடைக்கும், எது கிடைக்காது

பாதத்தின் ஒவ்வோர் இடமும் உடம்பின் ஓர் உறுப்போடு தொடர்புடையது என்று கருதி, அந்த இடங்களை விரலால் அழுத்துவதுதான் பாத ரிஃப்ளெக்ஸாலஜி. முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். வாரம் 2 முறை, ஒரு காலுக்கு 15 நிமிடம் என்று மாதக்கணக்கில் விடாமல் செய்துவந்தால், அன்றைய இரவுத் தூக்கம் நன்றாக வருகிறது. நாள் முழுக்க நின்றபடி வேலை பார்ப்பவர்களின் கால் குடைச்சல் குறைகிறது. படபடப்பு கொஞ்ச நேரமாவது அடங்குகிறது. ஆனால் சர்க்கரை இறங்காது, தைராய்டு மாத்திரையின் அளவு மாறாது, சிறுநீரகக் கல் கரையாது. மருத்துவத்துக்குத் துணையாக வைத்துக்கொள்பவர்களுக்கு இது அருமையான பழக்கம். மாத்திரையை நிறுத்திவிட்டுப் பாதத்தை மட்டும் நம்பினால் ஆபத்து.

ரிஃப்ளெக்ஸாலஜி நிலையங்களின் சுவரில் மாட்டியிருக்கும், பாதத்தில் உறுப்புகளைக் குறித்த வண்ணப் படத்தை ஆயிரமாயிரம் வருடப் பழமை என்று சொல்லித் தருவார்கள். அந்தப் படம் 20-ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் உருவானது. வில்லியம் ஃபிட்ஸ்ஜெரால்டு என்ற காது, மூக்கு, தொண்டை மருத்துவர் உடம்பைத் தலை முதல் கால் வரை 10 நெடுக்குப் பட்டைகளாகப் பிரித்தார். 1917-ல் அது புத்தகமாக வந்தது. 1930-களில் யூனிஸ் இங்காம் என்ற பிசியோதெரபிஸ்ட், உறுப்புகளைப் பாதத்தில் இடம் குறித்தார். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் விரல் முட்டியால் அழுத்தித் தேய்க்கும் முரட்டு முறை தைவானிலிருந்து வந்தது. அங்கே பணியாற்றிய சுவிட்சர்லாந்துப் பாதிரியார் ஒருவர் அதைப் பரப்பினார். வீட்டில் செய்வதற்குக் கட்டைவிரலால் அழுத்தும் இங்காம் வழிதான் ஏற்றது. முட்டியால் அழுத்தும்போது எவ்வளவு பலம் போகிறது என்பது பழகாத கைக்குத் தெரியாது.

செய்முறையில் எல்லாமே கையின் கட்டைவிரலில்தான் இருக்கிறது. விரல் நுனி தோலில் குத்தக் கூடாது. நுனியை ஒட்டிய வெளி ஓரம்தான் படவேண்டும். முதல் கணுவை மடக்கி, லேசாக நிமிர்த்தி, கம்பளிப்புழு ஊர்வது போல ஓர் அரிசி அகலம் மட்டும் முன்னே நகர்த்த வேண்டும். பின்னோக்கி ஊரக் கூடாது. அழுத்தம் கட்டைவிரலின் பலத்தால் வருவதில்லை. மற்ற நான்கு விரல்களும் பாதத்தின் மேற்புறத்தைப் பிடித்திருக்க, மணிக்கட்டைச் சற்றுத் தாழ்த்தினால் அது தானாகக் கூடும்.

இன்னொரு கை கால்விரல்களைப் பின்னால் லேசாக வளைத்து, உள்ளங்கால் தோலை விறைப்பாக வைத்திருக்க வேண்டும். தோல் தொளதொளவென்று இருந்தால் விரல் வழுக்கும். அதிகமாக வளைத்தாலோ உள்வளைவில் தசைநார் ஒன்று புடைத்துக்கொண்டு நிற்கும். அதன்மேல் அழுத்தினால் சுளீர் என்று வலிக்கும். அந்த இடம் வரும்போது பிடியைத் தளர்த்திவிட்டுக் கடக்கவேண்டும். பலர் இதைக் கவனிப்பதே இல்லை. வலித்ததும், "இங்கேதான் உங்களுக்குக் கோளாறு" என்று சொல்லிவிடுகிறார்கள்.

ஆரம்பத்தில் எண்ணெய் வேண்டாம். எண்ணெய்ப் பசையில் கட்டைவிரல் ஊராது, சறுக்கும். ஒரு சிட்டிகை டால்கம் பவுடர் போதும். நல்லெண்ணெயைக் கடைசி 2 நிமிடத் தடவலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். நகத்தை ஒட்ட வெட்டியிருக்க வேண்டும். முதலில் கணுக்காலை இரு பக்கமும் மெதுவாகச் சுழற்றித் தளர்த்திவிட்டு, கால்விரல்கள், விரல்களுக்குக் கீழுள்ள மேடு, உள்வளைவு, குதிகால் என்று இறங்கி, பெருவிரலிலிருந்து குதிகால் வரை உள் ஓரத்தில் முடிக்கலாம். அந்த மேட்டுக்கு நேர் கீழே, நடுவில், ஒரு சிறு பள்ளம் இருக்கும். படுத்திருப்பவர் மூச்சை இழுக்கும்போது அங்கே அழுத்தி, விடும்போது தளர்த்தி, 5 முறை செய்தால் பெரும்பாலும் உடம்பு தளர்வது கண்ணுக்கே தெரியும்.

அழுத்தத்தை 10-க்கு மதிப்பிடச் சொன்னால் 4, 5-ல் நிற்கவேண்டும். கால்விரல்கள் தானாக மடங்கினாலோ, மூச்சு நின்றாலோ, அது கூடிவிட்டது. "வலித்தால்தான் வேலை செய்யும்" என்பது தப்பு. மறுநாள் ரத்தம் கட்டி நீலமாகத் தெரிவது தோல் அடிபட்டதன் அடையாளம்.

உள்ளே நறநறவென்று தட்டுப்படுவதை யூரிக் அமிலப் படிகம் என்று சொல்லி உடைக்கப் பார்ப்பவர்கள் உண்டு. அழுத்தும்போது தட்டுப்படுவது பெரும்பாலும் தசைநாரும் கொழுப்புத் திசுவும். யூரிக் அமிலம் உண்மையிலேயே படிவது கவுட் நோயில். பெருவிரல் மூட்டு சிவந்து, வீங்கி, போர்வை பட்டாலே வலிக்கும். அந்த மூட்டின்மேல் கை வைக்கவே கூடாது. அதேபோல, செய்து முடித்ததும் அடிக்கடி சிறுநீர் போவதை "நச்சு வெளியேறுகிறது" என்பார்கள். அரை மணி நேரம் காலைத் தூக்கி வைத்திருந்ததால் காலில் தேங்கிய நீர் ரத்தத்துக்குத் திரும்பியிருக்கிறது, அவ்வளவுதான்.

நம் ஊரில் அதிகம் கவனிக்க வேண்டியது சர்க்கரை நோயாளிகளை. கால் மரத்துப்போனவருக்கு அழுத்தம் கூடியதே தெரியாது. முதலில் மருத்துவரிடம் 10 கிராம் மோனோஃபிலமென்ட் (10 கிராம் அழுத்தத்தில் வளையும் மெல்லிய நைலான் இழை) கொண்டு உணர்வைச் சோதித்துக்கொள்ள வேண்டும். உணர்வு குறைவு என்றால் முள் செருப்பும் மரஉருளையும் வேண்டவே வேண்டாம். வெந்நீரில் கால் வைப்பதென்றால் சூட்டை வேறொருவர் கையை விட்டுப் பார்க்க வேண்டும். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாக வலித்தால் ரத்தக் கட்டியாக இருக்கலாம். தொடாமல் மருத்துவமனைக்குப் போங்கள். ரத்தத்தை நீர்க்கச் செய்யும் மருந்து சாப்பிடுபவர்களும், கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்தில் இருப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் ஆரம்பிக்கக் கூடாது.

ஆய்வுகளில் நம்பத்தக்க ஒன்று அமெரிக்காவில், முற்றிய மார்பகப் புற்றுநோய் உள்ள 385 பெண்களிடம் நடந்து, 2012-ல் வெளியானது. மூச்சுத்திணறலின் கடுமை குறைந்தது, அன்றாட நடமாட்டம் மேம்பட்டது. வலி, குமட்டல், மனப்பதற்றம் ஆகியவற்றில் வித்தியாசம் தெரியவில்லை. பூங்காக்களில் உள்ள கூழாங்கல் பாதைக்கும் ஆதாரம் உண்டு: 2005-ல் வெளியான ஆய்வில் 60 வயதைத் தாண்டிய 108 பேர் பங்கேற்றார்கள். 16 வாரம் கூழாங்கல் விரிப்பில் நடந்தவர்களுக்குச் சாதாரண நடைப்பயிற்சி செய்தவர்களைவிடச் சமநிலையும் ரத்த அழுத்தமும் மேம்பட்டன. புதிதாகத் தொடங்குபவர்கள் கைப்பிடி உள்ள இடத்தில் 2, 3 நிமிடம் நடந்தால் போதும்.

மின்சார மசாஜ் இயந்திரம் களைத்த கெண்டைக்காலுக்குச் சுகம்தான், ஆனால் எங்கே வலிக்கிறது என்று அதற்குத் தெரியாது. வீட்டில் ஒருவரே தொடர்ந்து செய்துவிட்டால் அவருடைய கட்டைவிரலின் அடிமூட்டு நோகத் தொடங்கும். விரலைப் பின்னால் வளைத்து அழுத்துவதுதான் பெரும்பாலும் காரணம். கணுவை மடக்கியே வைத்து, இரு கைகளையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தி, வலி ஆரம்பித்தால் ஒரு வாரம் விட்டுவிடுங்கள்.