கணினி இரைச்சல்: தணிப்பதா, மாற்றுவதா, மூடி மறைப்பதா?

மேசைக் கணினி இரையத் தொடங்கினால் நம் முன் மூன்று வழிகள் இருக்கின்றன. விசிறிகளின் வேகத்தைக் குறைத்துச் சத்தத்தைத் தணிக்கலாம். சத்தம் போடும் பாகத்தைக் கழற்றிவிட்டுப் புதியதைப் பொருத்தலாம். அல்லது ஒலியை உறிஞ்சும் பஞ்சு ஒட்டிய கேபினட் ஒன்றை வாங்கி எல்லாவற்றையும் அதற்குள் குடியேற்றலாம். பலர் நேராக மூன்றாவதற்குத்தான் தாவுகிறார்கள். பெரும்பாலான நேரங்களில் அது தலைவலிக்குத் தலையணையை மாற்றும் கதைதான்.

எந்த வழி என்று முடிவெடுக்கும் முன் கத்துவது யார் என்று தெரிய வேண்டும். பக்கக் கதவைக் கழற்றிவிட்டு, கணினி ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு விசிறியின் நடுக் குமிழில் விரல் நுனியை மெதுவாக அழுத்தி ஓரிரு நொடி நிறுத்திப் பாருங்கள். இறக்கைகளைத் தொட வேண்டாம். சத்தம் அடங்கினால் ஆள் அகப்பட்டான். அடங்காவிட்டால் அடுத்த விசிறி. கிராபிக்ஸ் கார்டின் விசிறிகளை மென்பொருள் வழியாகவே வேகம் கூட்டிக் குறைத்துக் கேட்டுவிடலாம். பவர் சப்ளைக்குள் மட்டும் விரலையோ குச்சியையோ நுழைக்கவே கூடாது; இணைப்பைப் பிடுங்கிய பிறகும் அதன் மின்தேக்கிகளில் மின்னூட்டம் தங்கியிருக்கும். அங்கே காதை மட்டும் கொண்டுபோனால் போதும்.

பெரும்பாலும் அகப்படுவது விசிறிதான். அப்போது எழும் கேள்வி: வேகத்தைக் குறைப்பதா, மாற்றுவதா? காற்று சீறும் சத்தம் என்றால் வேகக் குறைப்பே வெல்லும். விசிறியின் வேகத்தைப் பாதியாக்கினால் காற்றோட்டம் ஏறத்தாழ பாதியாகும்; சத்தமோ சுமார் 15 டெசிபல் இறங்கும். 10 டெசிபல் இறங்கினாலே காதுக்குப் பாதிச் சத்தமாகத் தோன்றும் என்பதால் இது லாபகரமான பேரம். பயாஸில், அதாவது கணினி தொடங்கும்போதே திறக்கக்கூடிய அடிப்படை அமைப்புத் திரையில், உள்ள விசிறி அமைப்பில் இதைச் செய்துவிடலாம், செலவே இல்லை. அங்கே இன்னொன்றையும் கவனியுங்கள். பிரவுசரைத் திறந்த ஒரு நொடியில் பிராசஸரின் வெப்பம் எகிறும், விசிறி சீறும், உடனே அடங்கும். இந்த ஏற்ற இறக்கம்தான் நிலையான இரைச்சலைவிட எரிச்சலூட்டுகிறது. வெப்பம் ஏறியதும் சில நொடிகள் பொறுத்து வேகத்தைக் கூட்டும்படி தாமதம் வைத்தால் பாதிப் புகார்கள் மறைந்துவிடும்.

விசிறி எந்நேரமும் முழு வேகத்தில் ஓடுகிறதா? அதில் 3 முனை இணைப்பான் இருந்து, மதர்போர்டு அதை 4 முனை விசிறியாக நினைத்துக்கொண்டிருக்கலாம். 3 முனை விசிறியின் வேகம் மின்னழுத்தத்தைக் குறைத்தால்தான் குறையும். பயாஸில் அந்த இணைப்பை, மின்னழுத்தத்தால் வேகத்தைக் கட்டுப்படுத்தும் டிசி முறைக்கு மாற்றினால் ஆள் அமைதியாகிவிடுவான். இது தெரியாமல் நல்ல விசிறியைத் தூக்கி எறிபவர்கள் உண்டு.

கரகரப்பும் உரசலும் வேறு ரகம். பேரிங் தேய்ந்துவிட்டால் எந்த வேக அமைப்பும் அதைக் காப்பாற்றாது. ஒரு சொட்டு எண்ணெய் கொஞ்ச நாள் தள்ளிப்போடும், அவ்வளவுதான். அங்கே மாற்றுவதே சரி. ஸ்லீவ் பேரிங் புதிதில் அமைதியாக இருக்கும், ஆனால் வெப்பத்திலும் படுக்கை வாட்டில் பொருத்தும்போதும் சீக்கிரம் தேயும். பால் பேரிங் நீண்ட நாள் உழைக்கும், ஆனால் மெல்லிய கடகடப்பு உடன்பிறந்தது. திரவ பேரிங் இரண்டின் நல்ல குணங்களையும் ஓரளவு சேர்த்துத் தருகிறது. விலைதான் சற்றுக் கூடுதல். கேபினட்டில் அதற்கான திருகுத் துளைகள் இருந்தால் 120 மில்லிமீட்டருக்குப் பதில் 140 மில்லிமீட்டர் விசிறியைப் போடுங்கள். பரப்பு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடுவதால், அதே காற்றை மெதுவாகச் சுழன்றே தள்ளிவிடும். வாங்கும் முன் தூசியை ஒருமுறை ஊதிப் பார்ப்பதும் நல்லது. ஊதும்போது இறக்கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். அழுத்தக் காற்றில் கட்டுக்கடங்காமல் சுழன்றால் நல்ல பேரிங்கும் கெட்டுவிடும்.

பிராசஸரைக் குளிர்விக்கக் காற்றா, திரவமா என்ற பழைய சண்டையில் அமைதி ஒன்றே குறிக்கோள் என்றால் நான் பெரிய காற்றுக் குளிர்விப்பான் பக்கம். கணினி சும்மா இருக்கும்போது அதில் மெதுவாகச் சுழலும் விசிறி மட்டுமே ஓடும். திரவ முறையில் அதோடு பம்பும் ஓயாமல் முனகும். உள்ளே காற்றுக் குமிழ் இருந்தால் களகளவென்ற ஓசையும் சேரும். ரேடியேட்டரின் மேல் முனை பம்பைவிட உயரமாக இருக்கும்படி பொருத்தினால் குமிழ் அங்கே ஒதுங்கிக்கொள்ளும்; பம்பே உச்சியில் இருந்தால் சத்தமும் தொடரும், பம்பின் ஆயுளும் குறையும். மணிக்கணக்கில் வீடியோ ரெண்டர் செய்பவர்களுக்கு மட்டும் தீர்ப்பு மாறலாம். 360 மில்லிமீட்டர் ரேடியேட்டரில் வெப்பம் பரந்து விரிவதால் நீண்ட வேலையில் விசிறிகள் அடக்கமாகவே இருக்கும்.

ஹார்ட் டிஸ்க்கில் ஒப்பிட அதிகமில்லை. 7200 ஆர்பிஎம் டிஸ்க் 120 ஹெர்ட்ஸில் உறுமி, அதைக் கேபினட் தகட்டுக்கும் கடத்தும். ரப்பர் வளையம் வைத்துப் பொருத்தினால் உறுமல் தணியும். அதற்கு மாற்றாக வரும் சேமிப்பகமான எஸ்எஸ்டியில் அசையும் பாகமே கிடையாது. ஆனால் ஹார்ட் டிஸ்க் டிக், டிக் என்று ஒரே தாளத்தில் தட்ட ஆரம்பித்தால் சத்தத்தை மறந்துவிட்டு முதலில் கோப்புகளை நகலெடுங்கள்.

மாற்றுவதும் கைகொடுக்காத இடம் ஒன்று உண்டு. விளையாட்டின் தொடக்கத் திரையில் நிற்கும்போது கிராபிக்ஸ் கார்டு கீச்சென்று கத்தும்; விளையாட்டுக்குள் நுழைந்ததும் சுருதி இறங்கும். விசிறிக்கு இதில் பங்கில்லை. நொடிக்கு ஆயிரம் சட்டங்கள் (ஃபிரேம்கள், அதாவது திரையில் அடுத்தடுத்து வரும் படங்கள்) வரை வரையப்படும்போது மின்சுருள்கள் அதிரும் ஓசை அது. கார்டுக்கு ஆபத்தில்லை. அதே மாடலில் வேறொன்று வாங்கினாலும் அது கத்தாது என்பதற்கு உத்தரவாதமில்லை. சட்ட வேகத்தை மானிட்டர் நொடிக்குக் காட்டக்கூடிய அளவுக்குக் கட்டுப்படுத்துங்கள், மின் வரம்பைச் சற்று இறக்குங்கள். பெரும்பாலும் அடங்கிவிடும்; வெப்பம் குறைவதால் விசிறியும் அமைதியாகும்.

அடங்காத கீச்சொலிக்குத்தான் பஞ்சு கேபினட் உண்மையில் உதவும். உச்சமான ஒலியைப் பஞ்சு உறிஞ்சும். அடித்தொண்டை உறுமலுக்கு அது தடையே இல்லை. காற்று வழியும் குறுகுவதால் வெப்பம் ஏறி, விசிறிகள் வேகமெடுத்து, மிச்சம் பிடித்த அமைதியைத் தின்றுவிடும். சாதாரண வலைமுகப்புக் கேபினட்டும் மெதுவாகச் சுழலும் விசிறிகளும் பல நேரங்களில் அதைத் தோற்கடிக்கும். பணம் கொடுத்துப் பஞ்சு கேபினட்டை வாங்கும் முன் பெட்டியை மேசையிலிருந்து இறக்கித் தள்ளி வைத்துப் பாருங்கள். திறந்தவெளியில் தூரம் இரட்டிப்பானால் 6 டெசிபல் குறையும். அறைக்குள் சுவர்கள் ஒலியைத் திருப்பி அனுப்புவதால் அதைவிடக் குறைவாகவே கிடைக்கும். தரையில் தூசி அதிகம் என்பதால், அடிப்பக்க வடிகட்டியை அடிக்கடி உதற வேண்டியிருக்கும்.